யாரை மேடையேற விடவில்லை?

போன மாதம் எங்கள் வங்கிக் கிளையில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பட்டியல் சுற்றுக்கு வந்தது. 'எல்லாக் காலத்துக்குமான மாபெரும் பத்து ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர்கள்'. கொண்டுவந்தவர் எங்கள் கேஷியர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். விளையாட்டுச் செய்தி என்றால் அவருக்குச் சோறு வேண்டாம். "என்னப்பா கவிஞரே, உன் ஆளு முகமது அலி முதல் இடத்துல இருக்கான். சந்தோஷமா?" என்றார். அந்த 'உன் ஆளு'வில் என்ன இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அது கிடக்கட்டும். அடுத்து அவர் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

"பாக்ஸிங்ல எனக்குப் பிடிச்சதே இதான்பா. சிபாரிசு கிடையாது, கோட்டா கிடையாது. மேடையில ரெண்டு பேர். கடைசியில எவன் நிக்கிறானோ அவன் சாம்பியன். சுத்தமான திறமை."

நான் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு கவுன்டருக்குத் திரும்பிவிட்டேன். கவிதை எழுதுகிறவனுக்கு இந்த நோய் உண்டு. பேச வேண்டிய இடத்தில் வாய் வராது, வீட்டுக்கு வந்தபிறகு பேனா வரும். அன்றைக்கு வராத பதில்தான் இந்தக் கட்டுரை.

மேடையில் இரண்டு பேர்தான், ஒத்துக்கொள்கிறேன். எந்த இரண்டு பேர்? அந்த இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தது யார்? மேடைக்குக் கீழேயே நிறுத்தப்பட்டவன் எங்கே போனான்? வேறு வேறு காலத்து வீரர்களை ஒப்பிட்டு 'யார் பெரியவன்' என்று கேட்பவர்கள் இந்த மூன்று கேள்விகளையும் கேட்பதே இல்லை. கேட்டால் பட்டியல் கிழிந்துவிடும்.

1

கோட்டா கிடையாது என்கிறார் நண்பர். இருந்தது. நூறு சதவீதக் கோட்டா. வெள்ளையருக்கு.

ஹெவிவெயிட் சாம்பியன்களின் வரிசையை வழக்கமாக ஜான் எல். சல்லிவனிடமிருந்து தொடங்குவார்கள். 1882இல் அவர் பட்டத்தைப் பிடித்தார். ஜோ லூயிஸ் பட்டம் வென்றது 1937இல். இடையில் 55 ஆண்டுகள். அதில் ஜாக் ஜான்சன் வைத்திருந்த ஆறேகால் ஆண்டைத் தள்ளிவிட்டுப் பாருங்கள். மீதி ஆண்டுகள் முழுக்க வெள்ளையர் மட்டுமே சாம்பியன்கள். கறுப்பர்கள் மோதித் தோற்றார்களா? இல்லை. மோதவே விடவில்லை. இதற்கு அங்கே 'நிறக் கோடு' என்று பெயர். சட்டப் புத்தகத்தில் எழுதியிருக்கவில்லை. எழுதத் தேவையில்லாத அளவுக்கு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எழுதாத சட்டத்தின் பலம் என்ன என்று இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சல்லிவன் 1892இல் பகிரங்கமாகவே சவால் விட்டார். யார் வேண்டுமானாலும் வரலாம், கறுப்பனோடு மட்டும் சண்டை போட மாட்டேன் என்று. யாரை மனசில் வைத்துச் சொன்னார்? பீட்டர் ஜாக்சனை.

மேற்கிந்தியத் தீவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர் ஜாக்சன். 1886இல் அந்த நாட்டின் ஹெவிவெயிட் சாம்பியன். 1891 மே மாதம் சான் ஃபிரான்சிஸ்கோவில் அவரும் ஜேம்ஸ் கார்பெட்டும் மோதினார்கள். 61 ரவுண்டு. ஏறக்குறைய நான்கு மணி நேரம். இருவராலும் இனி கையைத் தூக்க முடியாது என்ற நிலையில் நடுவர் முடிவில்லை என்று நிறுத்திவிட்டார். அடுத்த ஆண்டு சல்லிவனோடு மோத வாய்ப்புக் கிடைத்தது யாருக்கு? கார்பெட்டுக்கு. அவர் சல்லிவனை வீழ்த்தி சாம்பியன் ஆனார். ஆனபிறகு தன்னோடு 61 ரவுண்டு நின்றவருக்குப் பட்டத்துக்கான ஒரு போட்டிகூடத் தரவில்லை. ஜாக்சன் மாபெரும் வீரர் என்று பிற்காலத்தில் கார்பெட்டே எழுதினார். புகழ்ச்சி எப்போதும் இப்படித்தான், ஆபத்தில்லாத காலத்தில் வந்து சேரும்.

குத்துச்சண்டை மேடையை மறுத்தவர்கள் ஜாக்சனுக்கு வேறொரு மேடை கொடுத்தார்கள். 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நாடகத்தில் அங்கிள் டாம் வேஷம். எஜமான விசுவாசமுள்ள அடிமையாக ஊர் ஊராக நடித்தார். நடுவில் கொஞ்சம் குத்துச்சண்டையும் போட்டுக் காட்ட வேண்டும். 1898இல் உடம்பு தேய்ந்துபோன நிலையில் மீண்டும் மேடையேறினார். எதிரே வளரும் இளைஞன் ஜிம் ஜெஃப்ரீஸ். மூன்றே ரவுண்டில் முடிந்தது. அடுத்த ஆண்டே சாம்பியனான ஜெஃப்ரீஸ், பட்டத்தை வைத்திருந்த ஆறு ஆண்டுகளில் ஒரு கறுப்பருக்கும் வாய்ப்புத் தரவில்லை. நோயாளிக் கறுப்பனை அடிக்கலாம், நல்ல உடம்போடு இருப்பவனைப் பட்டத்துக்கு அழைக்கக் கூடாது. ஜாக்சன் 1901இல் காசநோயில் இறந்தார். எந்தப் 'பத்து மாபெரும்' பட்டியலிலும் நீங்கள் அவரைப் பார்க்க முடியாது.

2

ஜாக் ஜான்சன் இந்தக் கோட்டை உடைத்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். டெக்ஸாஸ் மாநிலம் கால்வெஸ்டனில் 1878இல் பிறந்தவர். தகப்பனார் அடிமையாகப் பிறந்தவர். சாம்பியன் டாமி பர்ன்ஸ் எந்த நாட்டுக்குப் போனாலும் பின்னாலேயே போய், 'என்னோடு மோது' என்று பத்திரிகைகளில் ஏளனம் செய்துகொண்டே இருந்தார். கடைசியில் பர்ன்ஸுக்கு 30,000 டாலர் தருவதாக ஒருவர் முன்வந்தார். நிறக் கோட்டுக்கும் ஒரு விலை உண்டு. ஜான்சனுக்கு 5,000. ஒப்புக்கொண்டார். 1908 டிசம்பர் 26, சிட்னி. 14ஆம் ரவுண்டில் போலீஸ் புகுந்து சண்டையை நிறுத்தியது. படம் பிடித்துக்கொண்டிருந்த காமிராவும் நின்றது. வெள்ளை சாம்பியன் ஒரு கறுப்பனின் கையால் சரிந்து விழும் காட்சி படத்தில் இருக்கக் கூடாது, பாருங்கள்.

அங்கிருந்து தொடங்கியது 'வெள்ளை நம்பிக்கை'யைத் தேடும் படலம். சிட்னியிலிருந்து செய்தி எழுதிய நாவலாசிரியர் ஜாக் லண்டன், பண்ணைக்குப் போய்விட்ட ஜெஃப்ரீஸை மானம் காக்கத் திரும்பி வரும்படி அழைத்தார். அவரை நம் முற்போக்குத் தோழர்கள் சோஷலிச எழுத்தாளர் என்று மொழிபெயர்த்துப் போற்றுகிறோம். இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1910 ஜூலை 4, நெவாடாவின் ரினோ நகரம். சுட்டெரிக்கும் வெயில். 15ஆம் ரவுண்டில் ஜெஃப்ரீஸ் முடிந்தார். அன்றிரவு அமெரிக்காவின் பல நகரங்களில் வெள்ளைக் கும்பல்கள் கறுப்பர்களை அடித்தன. பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள், பெரும்பாலும் கறுப்பர்கள். மேடையில் தோற்றதற்குத் தெருவில் வசூல். திருவிழாக் கபடியில் சேரிப் பையன்கள் ஜெயித்த இரவில் என்ன நடக்கும் என்று தெரிந்தவர்களுக்கு ரினோ தூரத்து ஊர் அல்ல.

அடுத்தது படம். ரினோ சண்டையின் படத்தைப் பல நகரங்கள் தடை செய்தன. 1912இல் குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோவதையே தடுத்து நாடாளுமன்றம் சட்டம் போட்டது. 1940 வரை அது இருந்தது. அடுத்தது ஆள். விபசாரத்துக்காகப் பெண்களைக் கடத்துவதைத் தடுக்க வந்த மான் சட்டத்தை, வெள்ளைப் பெண்களோடு வாழ்ந்த ஜான்சன் மேல் திருப்பினார்கள். 1913இல் முழுக்க வெள்ளையர் இருந்த ஜூரி குற்றவாளி என்றது. நாட்டை விட்டு ஓடினார். ஹவானாவில் 1915இல் ஜெஸ் வில்லர்டிடம் 26ஆம் ரவுண்டில் பட்டத்தை இழந்தார். 1920இல் திரும்பி வந்து சிறைக்குப் போனார். அமெரிக்க அரசு அவருக்கு மன்னிப்பு வழங்கியது எப்போது தெரியுமா? 2018இல். அவர் இறந்து 72 ஆண்டுகள் ஆகியிருந்தன. மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் மன்னிப்பு வழங்கினார்கள்.

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு 'ஜான்சன்தான் நம்ம ஆளு' என்று கைதட்டத் தோன்றும். எனக்கும் தோன்றியது. கொஞ்சம் பொறுங்கள்.

3

சாம் லாங்ஃபோர்ட் என்று ஒருவர். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர். உயரம் ஐந்தடி ஏழு அங்குலம் இருந்தால் அதிகம். தன்னைவிட ஒரு அடி உயரமானவர்களைச் சரித்தவர். 1906இல் ஜான்சனோடு 15 ரவுண்டு போட்டார். அப்போது லாங்ஃபோர்ட் சின்னப் பையன். எடையிலும் மிகக் குறைவு. ஜான்சன் தெளிவாகவே ஜெயித்தார். பிறகு லாங்ஃபோர்ட் வளர்ந்தார். ஜான்சன் சாம்பியன் ஆனார். ஆனபின் லாங்ஃபோர்டுக்குக் கதவைத் திறக்கவே இல்லை. ஜோ ஜெனட்டுக்கும் திறக்கவில்லை, சாம் மெக்வேக்கும் இல்லை. ஆறேகால் ஆண்டில் பட்டத்துக்காக அவர் மோதிய ஒரே கறுப்பர் 1913 டிசம்பரில் பாரிஸில் பேட்லிங் ஜிம் ஜான்சன். அதுவும் சமனில் முடிந்தது. இரண்டு கறுப்பர்கள் மோதினால் பார்க்க யார் வருவார்கள், வசூல் ஆகாது என்பதுதான் கணக்கு.

வசூல் கணக்கு உண்மையாகவே இருக்கலாம். அந்தக் கணக்கைப் போட்டது வெள்ளைச் சந்தை என்பதும் உண்மை. ஆனாலும் கதவை இழுத்துச் சாத்திய கை கறுப்புக் கை. 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் தங்கள் பெயரை அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அந்த மக்களின் கதையை நாம் நம் கதையாகவே படித்து வருகிறோம். சாதியும் நிறமும் ஒன்றல்ல, அப்படியே ஒன்றின் மேல் ஒன்றை ஒட்ட வேண்டாம். ஆனால் இந்த இடம் ஒட்டிக்கொள்கிறது. ஒரே ஒரு நாற்காலி போட்டால், அதில் உட்கார்ந்தவனுக்கு முதல் பயம் தன் பக்கத்து வீட்டுக்காரன் மேல்தான் வரும். ஒற்றை நாற்காலியின் தந்திரமே அதுதான்.

கதவுக்கு வெளியே நின்றவர்கள் என்ன செய்தார்கள்? தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டார்கள். 'உலகக் கறுப்பர் சாம்பியன்' என்று தனியாக ஒரு பட்டம் வைத்துக்கொண்டார்கள். தனிக் குவளை மாதிரி ஒரு தனிப் பட்டம். லாங்ஃபோர்டும் ஹாரி வில்ஸும் பதினைந்து தடவைக்கு மேல் மோதியிருக்கிறார்கள். வேறு யாரும் வர மாட்டேன் என்றால் இருக்கிற இருவரும்தானே மறுபடி மறுபடி அடித்துக்கொள்ள வேண்டும்? 1909 ஏப்ரலில் பாரிஸில் ஜெனட்டும் மெக்வேயும் 49 ரவுண்டு போட்டார்கள். ஜெனட் இருபது தடவைக்கு மேல் விழுந்து எழுந்தார். கடைசியில் எழ முடியாமல் உட்கார்ந்துவிட்டவர் மெக்வே. உலகப் பட்டம் அந்த மேடைக்குப் பக்கத்தில்கூட இல்லை.

லாங்ஃபோர்டுக்குக் கண் போனது. பார்வை மங்கியபிறகும் எதிராளியின் உடம்பைத் தடவித் தடவிச் சண்டை போட்டிருக்கிறார். 1944இல் நியூயார்க் பத்திரிகைக்காரர் ஒருவர் தேடிப்போனபோது ஹார்லெமில் ஒரு சின்ன அறையில், முழுக் குருடராக, கையில் சில்லறையோடு உட்கார்ந்திருந்தார். பிறகு நிதி திரட்டினார்கள். 1956இல் இறந்தார். ஹெவிவெயிட் உலகப் பட்டத்துக்காக ஒரு போட்டிகூட ஆடாதவர்.

1915க்கும் 1937க்கும் இடையே நிறக் கோடு மறுபடி இறுகியது. பட்டத்தில் 'கறுப்புக் கறை' மறுபடி படக் கூடாது என்று வில்லர்ட், டெம்ப்ஸி, டன்னி என்று கை மாறிக்கொண்டே போனது. 22 ஆண்டுகள் ஒரு கறுப்பருக்கும் பட்டத்துக்கான போட்டி இல்லை. ஜாக் டெம்ப்ஸி 1919 முதல் 1926 வரை சாம்பியன். ஹாரி வில்ஸ் வாசலிலேயே நின்றார். 1922இல் ஒப்பந்தத்தில் கையெழுத்துக்கூட ஆனது. சண்டை நடக்கவில்லை.

இங்கே ஒன்றை யோசிக்க வேண்டும். டெம்ப்ஸி அபாரமான வீரர். அவருடைய சண்டைப் படங்கள் இருக்கின்றன, பார்த்தால் புலி மாதிரி இருக்கிறார். வில்ஸோடு மோதியிருந்தால் ஒருவேளை ஜெயித்தும் இருப்பார். ஆனால் அது 'ஒருவேளை'தான். இனி எந்தக் காலத்திலும் அது தீராது. கதவைச் சாத்தியதில் வெளியே நின்றவனுக்கு மட்டுமா நஷ்டம்? உள்ளே இருந்தவனின் வெற்றியும் சந்தேகத்துக்கு இடமாகிவிட்டது. போட்டியாளனைத் தடுத்துவிட்டு வாங்கிய முதல் மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு யார் தன்னைத் திறமைசாலி என்று நிரூபிக்க முடியும்? 'தகுதி, திறமை' என்று உரத்துப் பேசுகிறவர்கள் தங்கள் தாத்தாக்களின் மதிப்பெண் பட்டியலைக் கொஞ்சம் வெளிச்சத்தில் காட்டட்டும்.

4

கதவு திறந்தது ஜோ லூயிஸுக்கு. ஆனால் நிபந்தனையோடு. அலபாமாவில் குத்தகை விவசாயிக்குப் பிறந்து, டெட்ராய்டில் வளர்ந்தவர். அவருடைய மேலாளர்கள் இரண்டு கறுப்பர்கள். ஜான்சனுக்கு நடந்ததைப் பார்த்தவர்கள். லூயிஸுக்கு விதிகள் வகுத்தார்கள். வெள்ளைப் பெண்ணோடு படம் எடுத்துக்கொள்ளக் கூடாது. விழுந்தவனைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. காமிரா முன்னால் முகத்தை உணர்ச்சியில்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும். மேடைக்குள் எதிராளியை அடித்து நொறுக்கலாம், மேடைக்கு வெளியே பல்லைக் காட்டி மகிழக் கூடாது. நம்மில் முதல் தலைமுறையாக ஆபீஸ் போனவர்கள் எல்லோருக்கும் வீட்டில் யாராவது இந்த மாதிரி ஒரு விதிப் பட்டியல் கொடுத்திருப்பார்கள். எனக்கு அம்மா கொடுத்தார். "சத்தமாச் சிரிக்காதடா."

1937 ஜூன் 22, சிகாகோவில் ஜேம்ஸ் பிராடக்கை எட்டாவது ரவுண்டில் வீழ்த்திப் பட்டம் வென்றார். அந்த வாய்ப்பைத் தருவதற்காக, லூயிஸின் போட்டிகளை நடத்தியவர் தன் லாபத்தில் பத்து சதவீதத்தைப் பத்து ஆண்டுக்குப் பிராடக்குக்கு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. சரியாக ஒரு வருடம் கழித்து, தன்னை முன்பு வீழ்த்தியிருந்த ஜெர்மானியர் மாக்ஸ் ஷ்மெலிங்கை 124 விநாடியில் முடித்தார். ஹிட்லரின் இனப் பெருமை நியூயார்க் மைதானத்தில் இரண்டு நிமிஷம் நாலு விநாடி நின்றது. அன்றைக்கு வெள்ளை அமெரிக்காவும் லூயிஸை 'நம்மவர்' என்றது.

அந்த 'நம்மவர்' எதுவரை? 1942இல் தன் போட்டி வருமானத்தைக் கடற்படை நிவாரண நிதிக்கும் ராணுவ நிவாரண நிதிக்கும் கொடுத்தார். அந்தக் கடற்படையில் அப்போது கறுப்பர்களுக்குக் கிடைத்த வேலை பெரும்பாலும் சமையலறையிலும் பரிமாறுவதிலும்தான். போர் முடிந்தபின் வருமான வரித்துறை துரத்தியது. வட்டியும் அபராதமும் ஏறி அவரால் அடைக்கவே முடியாத கடனாயிற்று. கடைசிக் காலத்தில் லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதி ஒன்றில் வருகிறவர்களை வரவேற்றுக் கை குலுக்கும் வேலை பார்த்தார். 1981இல் இறந்தபோது ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.

லூயிஸ் 25 தடவை பட்டத்தைக் காத்தார். ஹெவிவெயிட்டில் அந்தக் கணக்கை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. 1939 ஜனவரியில் ஜான் ஹென்றி லூயிஸ் என்ற கறுப்பருக்குப் பட்டப் போட்டி கொடுத்தார். பிறகு ஜெர்சி ஜோ வால்காட்டுக்கு இரண்டு தடவை கொடுத்தார். முதல் போட்டியில் தோற்றுவிடுவார் என்ற நிலைமைகூட வந்தது. ஜான்சன் சாத்திய கதவைச் சத்தம் போடாமல் திறந்து வைத்தவர் இந்த அமைதியான மனிதர்தான். போராளி என்று நாம் ஒருபோதும் சொல்லாதவர்.

5

இனி நம் பட்டியல் நிபுணர்கள். வேறு வேறு காலத்து வீரர்களை மோதவிட்டுப் பார்க்க 1967இல் அமெரிக்க வானொலி நிகழ்ச்சி ஒன்று கம்ப்யூட்டரின் உதவியை நாடியது. புள்ளிவிவரங்களை உள்ளே போட்டார்கள், முடிவு வெளியே வந்தது. கால் இறுதியில் முகமது அலி யாரிடம் தோற்றார் தெரியுமா? ஜிம் ஜெஃப்ரீஸிடம்! கறுப்பனுக்குப் பட்டப் போட்டி தராத அதே ஜெஃப்ரீஸ். அலி பத்து லட்சம் டாலர் கேட்டு மான நஷ்ட வழக்குப் போட்டார். சமரசமாக, ராக்கி மார்சியானோவோடு ஒரு படத்தில் நடிக்க ஒப்புக்கொண்டார்.

அப்போது அலி உண்மையான மேடையில் ஏற முடியாத நிலை. 1967 ஏப்ரல் 28 அன்று வியட்நாம் போருக்கான ராணுவச் சேர்ப்பை மறுத்தார். பட்டத்தைப் பிடுங்கினார்கள், உரிமத்தைப் பிடுங்கினார்கள், ஐந்து ஆண்டு சிறைத் தண்டனை என்றார்கள். மேல்முறையீட்டில் வெளியே இருந்தார். 25 வயதிலிருந்து மூன்றரை ஆண்டுகள் சண்டையே இல்லை. நிஜ அலியைத் தடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் அலியை மோதவிட்டார்கள். 1969இல் இருவரும் சுமார் 70 குட்டி ரவுண்டுகள் நடித்துக் கொடுத்தார்கள். முடிவுகளும் பல விதமாகப் படமாக்கப்பட்டன. 1970 ஜனவரியில் திரையிட்டபோது 13ஆம் ரவுண்டில் மார்சியானோ ஜெயித்தார். பாவம், அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை, விமான விபத்தில் இறந்துவிட்டார். ஐரோப்பாவில் காட்டிய வேறொரு பிரதியில் அலி ஜெயித்தார். கம்ப்யூட்டருக்கும் ஊருக்கு ஒரு நியாயம்!

புள்ளிவிவரம் பொய் என்று சொல்லவில்லை. நானே புள்ளிவிவரத்தில் சோறு தின்கிறவன். லெட்ஜரில் ஒரு பதிவை விட்டுவிட்டால் கூட்டல் எவ்வளவு சரியாக இருந்தாலும் கணக்குத் தப்பு என்பதுதான் நான் வங்கியில் கற்ற பாடம். மார்சியானோ 49 போட்டியில் ஒன்றிலும் தோற்கவில்லை. பெரிய சாதனை. அவர் எடை சுமார் 84 கிலோ. இன்றைய ஹெவிவெயிட் 90.7 கிலோவுக்கு மேல்தான் தொடங்குகிறது. இன்று அவரும் டெம்ப்ஸியும் ஹெவிவெயிட்டே அல்ல, அதற்குக் கீழ்ப் பிரிவு. அப்படியானால் பெரிய உடம்புதான் ஜெயிக்குமா? 2024 மே மாதம் ரியாத்தில் 101 கிலோ உசிக், 119 கிலோ ஃப்யூரியை வென்றார். கார்பெட் காலத்தில் ரவுண்டுக்கு எல்லையே இல்லை. பிறகு 45, 20, 15 என்று குறைந்து, 1982இல் கொரிய வீரர் ஒருவர் மேடையில் அடிபட்டு இறந்தபின் 12 ஆயிற்று. நாலு மணி நேரம் நிற்பவனையும் 36 நிமிஷம் வெடிப்பவனையும் எந்தத் தராசில் வைப்பது? உடம்பை உடம்போடு ஒப்பிடுவது டீக்கடைப் பொழுதுபோக்கு. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், நானும் செய்கிறேன். அதைத் தீர்ப்பு என்று சொல்லாதீர்கள்.

'அதெல்லாம் பழங்கதை, இப்போ யார் நிறம் பாக்குறாங்க' என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 1982 ஜூன் மாதம் லாஸ் வேகாஸ். சாம்பியன் லாரி ஹோம்ஸ், எதிரே 'வெள்ளை நம்பிக்கை' ஜெர்ரி கூனி. 13ஆம் ரவுண்டில் ஹோம்ஸ் அவரை முடித்தார். அதுவரையான மதிப்பெண் அட்டையைப் பிறகு பார்த்தார்கள். இடுப்புக்குக் கீழே அடித்ததற்காகக் கூனிக்கு மூன்று புள்ளி வெட்டியிருந்தார்கள். அதை மட்டும் வெட்டாமல் இருந்திருந்தால் மூன்று நடுவர்களில் இருவர் கணக்கில் கூனிதான் முன்னால். மேடையில் கை பேசலாம், அட்டையில் பேனா பேசும்.

6

சரி, அலிக்கு வருவோம். வியாசர்பாடியில் என் சித்தப்பா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். 1980இல் அலி சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி போட்டார். முதலமைச்சர் எம்.ஜி.ஆர். வந்திருந்தார். வடசென்னையே பரம்பரை பரம்பரையாக ஆங்கிலக் குத்துச்சண்டை போட்ட மண். கூட்டம் கேட்க வேண்டுமா? "அடி ஒண்ணும் பெருசா இல்லடா. சும்மா டான்ஸுதான் ஆடுனாரு. ஆனா ஒரு கருப்பன் தன்னைத்தானே அழகன்னு சொல்லிக்கிறான் பாரு, அந்த வாயைப் பாக்கத்தான் போனோம்" என்பார் சித்தப்பா. இதைவிட நல்ல விமர்சனத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அடிமைக் குடும்பங்களுக்கு எஜமானர்கள் இட்ட பெயரைத் தூக்கி எறிந்து புதுப் பெயர் வைத்துக்கொண்டார். பத்திரிகைகள் பழைய பெயரையே எழுதிக்கொண்டிருந்தன. 1967இல் எர்னி டெரல் பழைய பெயரால் அழைத்ததற்கு 15 ரவுண்டும் 'என் பெயர் என்ன' என்று கேட்டுக் கேட்டு அடித்தார். ஊர்க்காரன் வைத்த பட்டப்பெயரைச் சுமந்து திரிந்த நம் பாட்டன்மாருக்காகவும் சேர்த்துக் கேட்ட மாதிரி இருக்கும் எனக்கு.

ஆனால் அலியைப் பற்றி எழுதும்போது ஜோ ஃப்ரேஸியரை விட்டுவிட்டால் அது பக்தி, விமர்சனம் அல்ல. தெற்குக் கரோலினாவின் கூலி விவசாயக் குடும்பத்தில் பன்னிரண்டு பிள்ளைகளில் ஒருவர். பிலடெல்ஃபியாவில் மாட்டிறைச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர். அலிக்குத் தடை இருந்த காலத்தில் உரிமம் திரும்பக் கிடைக்கப் பேசியவர். 1971 மார்ச் 8 அன்று அலியை முதன்முதலாக வீழ்த்தியவரும் அவரே. அந்த ஃப்ரேஸியரை அலி 'அங்கிள் டாம்' என்றார். 1975 மணிலா போட்டிக்கு முன் 'கொரில்லா' என்றார். பொம்மைக் குரங்கைக் குத்திக் காட்டினார். கறுப்பு அழகு என்று உலகத்துக்குச் சொன்ன வாய், தன்னைவிடக் கறுத்தவனை, தன்னைவிட ஏழையாகப் பிறந்தவனைக் குரங்கு என்றது. 14 ரவுண்டு முடிந்து ஃப்ரேஸியரின் கண்கள் இரண்டும் வீங்கி அடைத்துப்போனதால் பயிற்சியாளர் நிறுத்தினார். அந்தக் காயம் ஆறியது. சொல் ஆறவில்லை. 2011இல் சாகும்வரை ஃப்ரேஸியர் அதைச் சுமந்தார். நமக்குள் நிறத்தை வைத்தும், உட்சாதியை வைத்தும் கேலி பேசுகிற தோழர்கள் இதை இரண்டு தடவை படிக்கட்டும்.

பெண்கள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜான்சனைச் சிறைக்கு அனுப்பிய சட்டம் நிறவெறி. அதே ஜான்சன் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கு அடித்தவர் என்பதும் பதிவில் உண்டு. 1986இல் 20 வயதில் சாம்பியனான மைக் டைசன் 1992இல் பாலியல் வன்முறைக்காகத் தண்டனை பெற்றார். புகார் கொடுத்தவளும் ஒரு கறுப்புப் பெண். அன்று அவனுக்காகத் திரண்ட கூட்டம் அவளுக்காகத் திரளவில்லை. மேடையேற விடாதவர்கள் என்று கணக்கெடுத்தால் முதல் வரியிலேயே பெண்கள் வருவார்கள். ஜாக்கி டோனவாண்டா என்ற கறுப்புப் பெண் ஹெவிவெயிட், உரிமம் கேட்டு நியூயார்க்கில் வழக்காட வேண்டியிருந்தது. 1978இல்தான் அந்த மாநிலம் பெண்களுக்கு உரிமம் தந்தது. ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டை வந்தது 2012இல்.

7

என் பட்டியல் என்ன என்று கேட்பீர்கள். நழுவ மாட்டேன். என் அளவுகோல் ஒன்றுதான். தன் காலத்தில் தன்னோடு மோதத் தகுதியுள்ளவர்களை மேடையேற விட்டானா? விட்டு, நின்றானா?

அந்தக் கணக்கில் முதல் இடம் அலிக்கே. பக்தியால் அல்ல. லிஸ்டன் இரண்டு தடவை, ஃப்ரேஸியர் மூன்று தடவை, நார்டன் மூன்று தடவை, 1974இல் எல்லோரும் பயந்த ஃபோர்மன். தன் காலத்து ஆபத்தான ஆட்களில் ஒருவரையும் அவர் வெளியே நிறுத்தவில்லை. ஃப்ரேஸியருக்குச் செய்த அவமானத்தைக் கீழே சிவப்பு மையில் எழுதிவிட்டுத்தான் அந்த இடத்தைத் தருகிறேன். இரண்டாவது லூயிஸ். மூன்றாவது சாம் லாங்ஃபோர்ட், ஒரு நாள்கூட சாம்பியனாக இல்லாதவர். நான்காவது ஜான்சன். திறமையில் மேலே போகவேண்டியவர், சாத்திய கதவுக்காக இறக்கினேன். ஐந்தாவது இடம் காலி. பீட்டர் ஜாக்சனுக்கும், ஹாரி வில்ஸுக்கும், பெயரே தெரியாமல் ஏதோ ஒரு வயலிலும் துறைமுகத்திலும் மூட்டை சுமந்து செத்தவனுக்கும், டோனவாண்டாவுக்கும் அந்த இடம். சல்லிவனும் ஜெஃப்ரீஸும் டெம்ப்ஸியும் என் பட்டியலில் இல்லை. அவர்கள் பலசாலிகள் இல்லை என்பதால் அல்ல. அவர்கள் கணக்கு முடிக்கப்படவில்லை என்பதால்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. இனி யாராவது உங்களிடம் 'சுத்தமான திறமை' என்று ஏதாவது ஒரு பட்டியலை நீட்டினால், கோபப்பட்டு எழுந்து போகாதீர்கள், என்னை மாதிரி டிபன் பாக்ஸை மூடாதீர்கள். பட்டியலை வாங்கிப் பொறுமையாகப் படியுங்கள். பிறகு, இதில் யாரையெல்லாம் போட்டியிட விடவில்லை என்று கேளுங்கள். பெயர்களைத் தெரிந்துவைத்துக்கொண்டு கேளுங்கள். பெயர் தெரியாமல் கேட்டால் அது புலம்பல் ஆகிவிடும்.

நேற்று மதியம் என் பட்டியலை ஒரு தாளில் எழுதிக் கேஷியரிடம் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். மூன்றாவது பெயரில் நின்றார்.

"லாங்ஃபோர்டா? யாருப்பா இது? நான் கேள்விப்பட்டதே இல்லையே."

"நீங்க கேள்விப்படலங்கிறதுதான் சார் கதையே" என்றேன். சாப்பிட்டுக்கொண்டே நோவா ஸ்கோஷியாவிலிருந்து ஆரம்பித்தேன். பணம் எண்ணப் போக மணியாகிவிட்டது. ஹார்லெம் அறைவரை வந்திருந்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பழைய வவுச்சர் ஒன்றின் பின்பக்கம் அந்தப் பெயரை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.